புகாரே வராத ரயில்வே

உலகத்தில் எத்தனையோ ரயில்வேக்கள் உண்டு. கடலுக்கு அடியில் ஓடுவது, மலைமேல் ஏறுவது, வராமலேயே வந்துவிட்டதாக அறிவிப்பது என்று பலவகை. ஆனால் ஒன்பது ஆண்டுகளில் ஒரு பயணியிடமிருந்துகூடப் புகார் வாங்காத ரயில்வே ஒன்றே ஒன்றுதான். அது ஒரு வீட்டின் முன்தோட்டத்தில், குழாயடி சந்திப்பில் புறப்பட்டு, புதினா ரோடு, எலுமிச்சை நகர், துணிக்கொடி டெர்மினல் வழியாக மறுபடி குழாயடிக்கே வந்து சேர்கிறது. மொத்த நீளம் நாற்பத்திரண்டு மீட்டர். பயணிகள், விரல் நீளப் பிளாஸ்டிக் மனிதர்கள் பதினாறு பேர். அதில் ஒருவருக்குத் தலை கிடையாது. அவர்கூட ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

குழாயடி சந்திப்பில் உள்ளங்கையளவு ‘புகார்ப் புத்தகம்’ ஒன்று நூலில் கட்டித் தொங்கியது. பக்கத்திலேயே பென்சில். பனியில் ஊறிப் போவதால் ஆண்டுக்கு ஒரு புத்தகம் மாற்றுவார்கள். பழையதும் வெள்ளை, புதியதும் வெள்ளை.

இந்த ரயில்வேயின் பொது மேலாளர், தலைமைப் பொறியாளர், டிரைவர், கார்டு, களை பிடுங்குபவர் எல்லாம் ஒருவரே. தெருவில் அவரை ‘ஜி.எம்.’ என்பார்கள். சிலர் மரியாதையாகவும் அப்படிச் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை முப்பத்தோரு வருஷம் ஓர் அச்சகத்தில், நிஜ ரயில்களின் கால அட்டவணையைப் பிழை திருத்தியவர் அவர். சிவப்புப் பேனா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மனைவி எழுதும் கடைச் சாமான் பட்டியலில் ‘சலவை பொடி’ என்று இருந்தால், நடுவே ஒரு ‘ப்’ சேர்த்துத்தான் திருப்பிக் கொடுப்பார். கடைக்கு மனைவிதான் போக வேண்டும்.

குறையில்லாத பக்கத்தின் அடியில் அவர் ‘பிழையில்லை. அச்சிடலாம்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போடுவார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எவரும் கை வைக்க முடியாது. “பிழைங்கறது அச்சுக்குப் போற வரைக்கும்தான் பிழை. அச்சாயிட்டா அதுதான் நேரம்” என்று பிரிவு உபசார விழாவில் அவர் பேசியபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எல்லாருக்கும் பசி.

ரயில்வேயின் பராமரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். தினமும் காலையில் தண்டவாளத்தைத் துணியால் துடைப்பது, ஜல்லியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கோதுவது, புல்லை நகக் கத்தரியால் வெட்டுவது என்று இரண்டு மணி நேரம் போகும். பிரஷ் மனைவியுடையது, புதியது. பொதுநலன் கருதிக் கையகப்படுத்தப்பட்டது. கார் ஷெட் ‘இன்ஜின் பணிமனை’யாகப் பெயர் மாறியது. உள்ளே நின்ற கார் உள்ளேயே நின்றது. அதன் பானெட்டின்மேல் பிளாஸ்டர் மலைத்தொடர் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றிலும் சிறந்த சாதனை லெவல் கிராஸிங். வீட்டுப் படியிலிருந்து தெருக் கதவுக்குப் போகும் நடைபாதையைத் தண்டவாளம் நட்டநடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. வண்டி கிளம்ப இரண்டு நிமிஷம் இருக்கும்போது மணி அடித்து, சிவப்பு வெள்ளைத் தடுப்புக்கட்டை தானே இறங்கும். உயரம் ஒரு சாண். தபால்காரர் முதல் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர் வரை எல்லாரும் அதன்முன் நின்றுதான் போக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவி அவசரத்தில் அதைத் தாண்டினார். செருப்பு நுனி பட்டு எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ‘கவனக்குறைவான பாதசாரி’ என்று ஏழு பக்க விசாரணை அறிக்கை தயாராயிற்று. இனிமேல் தாண்டுவதில்லை என்று பாதசாரி கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

திங்கள்கிழமை வாராந்திர ஆய்வுக் கூட்டம் கூடியது. ஜி.எம். தலைமை தாங்கினார். குழுவின் இதர உறுப்பினரான மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கலந்துகொண்டார்.

“புது கால அட்டவணை அச்சாகி வந்துடுச்சு. வியாழன்லேர்ந்து அமல்” என்றார் ஜி.எம்.

“வியாழக்கிழமைதாங்க எனக்கு டிரைவிங் டெஸ்ட். பத்து மணிக்கு.”

“அது ‘இதர விஷயங்கள்’ல வரும். கடைசியாப் பேசலாம்.”

கடைசியாகப் பேசினார்கள். மனைவியின் தங்கை நாற்பது மைல் தள்ளி, இடுப்பெலும்பு முறிந்து தனியாகப் படுத்திருந்தாள். மூன்று பஸ் மாறிப் போனால் அரை நாள் போய்விடும். முகத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்ப வேண்டும்.

“லைசென்ஸ் கிடைச்சா வாரம் ரெண்டு நாள் போய் அவளைக் குளிப்பாட்டி விட்டுட்டு வருவேன். இந்தத் தடவை தவறினா மறுபடி தேதி கிடைக்க மூணு மாசமாகும்னுட்டாங்க” என்றார் மனைவி. கத்தி நின்றுவிட்டது. “ஒன்பது இருபத்தஞ்சு பஸ்ஸைப் பிடிச்சாகணும். உங்க ஒன்பது பன்னிரண்டு வண்டி போனதும் கிளம்பிடறேன். அதுல மாத்தம் இல்லையே?”

“ஒன்பது பன்னிரண்டு நம்ம முதல் வண்டி. அதுல எப்படி மாத்தம் வரும்?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஜி.எம். தொப்பியை மாட்டிக்கொண்டு அட்டவணையைப் பார்த்தார். குழாயடி சந்திப்பு, புறப்பாடு: 9.21.

இன்னொரு தடவை பார்த்தார். ஒன்றும் இரண்டும் இடம் மாறியிருந்தன. அச்சுக்கு அனுப்பிய பிரதியை எடுத்துப் பார்த்தார். அதிலும் அப்படியே; கீழே அவர் கையெழுத்திலேயே ‘பிழையில்லை. அச்சிடலாம்’ என்று இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு புள்ளி தப்பவிடாத கண்ணுக்கு முன்னால், அவருடைய சொந்த ரயில்வேயில், ஒன்பது நிமிஷம் நழுவிப் போயிருந்தது. காது மடல் சூடாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை, அப்படியும் வெட்கமாக இருந்தது.

வண்டியை 9.12க்கே விட்டிருக்கலாம். வேறு யாராவது விட்டிருப்பார்கள். ஜி.எம். அச்சுக்கு மரியாதை தெரிந்தவர். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஒன்பது பத்தொன்பதுக்கு மணி அடித்தது. தடுப்புக்கட்டை இறங்கியது. ஒன்பது இருபதுக்கு மனைவி கைப்பையும் விண்ணப்பமுமாகப் படியிறங்கி வந்தார்.

“இன்னும் போகலையா?”

“ஒன்பது இருபத்தொண்ணு.”

“பன்னிரண்டுன்னீங்களே?”

“அச்சுல இருபத்தொண்ணுன்னு இருக்கு.”

மனைவி இரண்டு நிமிஷம்தானே என்று நின்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் தபால்காரர் ஸ்கூட்டரைத் தெருவில் விட்டுவிட்டுக் கடிதக் கட்டோடு வந்து நின்றார். போக்குவரத்து ஒழுங்கு என்றால் என்ன என்று அயல்நாட்டார் வந்து பார்த்துப் படிக்க வேண்டிய காட்சி அது.

குறித்த விநாடியில் வண்டி புறப்பட்டது. புதினா ரோடு தாண்டியதும் நின்றது. தண்டவாளத்தின்மேல் ஒரு நத்தை.

“எடுத்துப் போடுங்களேன்” என்றார் மனைவி.

“அவசரப்பட்டு இழுத்தா ஓடு உடைஞ்சிடும். அதோட வழவழப்பு தண்டவாளத்துல அப்பினா சக்கரம் சறுக்கும். தானா இறங்கட்டும்.”

“எவ்வளவு நேரமாகும் சார்?” என்று தபால்காரர் பணிவாகக் கேட்டார்.

ஜி.எம். மண்டியிட்டு நத்தையை ஆராய்ந்தார். “இறங்கற திசையிலதான் இருக்கு. அஞ்சாறு நிமிஷத்துல எதிர்பார்க்கலாம்.”

தெருமுனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு கிளம்பும் சத்தமும் கேட்டது. ஜி.எம். மண்டியிட்டபடியே இருந்தார். ‘தாண்டிப் போம்மா’ என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஏழு பக்க அறிக்கை குறுக்கே வந்து நின்றது.

மனைவி தடுப்புக்கட்டையைப் பார்த்தார். நத்தையைப் பார்த்தார். கணவரின் முதுகைப் பார்த்தார். பிறகு ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். ஒன்றும் கவிழவில்லை.

“அம்மா, கேட் மூடியிருக்கே” என்றார் தபால்காரர், பதறிப்போய்.

“தெரியும். என்னை டெஸ்ட் நடக்கற இடத்துல இறக்கி விடறீங்களா?”

“தபாலைத் தவிர வேற எதையும் ஏத்தக் கூடாதுன்னு உத்தரவும்மா.”

“அப்ப என்மேல ஒரு ஸ்டாம்ப் ஒட்டிக்குங்க.”

ஸ்கூட்டர் போன பிறகும் கட்டை இறங்கியே இருந்தது. ஒன்பது முப்பத்திரண்டுக்கு நத்தை, யாருடைய தலையீடும் இன்றி, பத்திரமாக இறங்கிப் புதினாவுக்குள் போனது. ரயில்வேக்கு உயிர்ச்சேதம் இல்லை.

மத்தியானம் மனைவி நடந்து வந்தார். தடுப்பு தூக்கியிருந்தது.

“என்னாச்சு?” என்றார் ஜி.எம். தொப்பி கையில் இருந்தது.

“பாஸ். ‘ரயில்வே கேட் மூடியிருந்தா என்ன செய்வீங்க’ன்னு கேட்டாங்க. தெரியாததா ஏதாவது கேட்டுடுவாங்களோன்னு பயந்துட்டிருந்தேன்.”

மனைவி குழாயடி சந்திப்பில் குனிந்து, நூலில் தொங்கிய புத்தகத்தில் நிதானமாக ஏதோ எழுதினார். பிறகு ஷெட்டுக்குப் போனார். மலைத்தொடரை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. கார் இருமி, இருமி, கிளம்பியது. காருக்கென்று தனி வழி இருந்தது. அங்கே தண்டவாளம் போட ஜி.எம். அடுத்த ஆண்டுக்குத்தான் திட்டமிட்டிருந்தார்.

“சாயந்திரம் வந்துடுவேன். சாதம் அடுப்புல இருக்கு, நேரம் போட்டு வைக்கலை. பசிச்சாச் சாப்பிடுங்க.”

கார் தெரு திரும்பியதும் ஜி.எம். புத்தகத்தை எடுத்தார். ரயில்வே வரலாற்றின் முதல் புகார். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் திறந்தது. பக்கத்தில் இரண்டே வரிகள்:

‘ஒன்பது ஆண்டுகளில் இந்த ரயில் யாரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. கிளம்பியவளை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறது.’

முதலில் ‘கொண்டுபோய்’க்குப் பிறகு பார்த்தார். அச்சகத்தில் கைதேர்ந்தவர்களே கோட்டை விடும் இடம் அது. ‘ச்’ இருந்தது. ‘கிளம்பிய’வில் பார்த்தார். முற்றுப்புள்ளிகளைப் பார்த்தார். எங்கேயாவது ஓர் ஒற்று, ஒரு கால், ஒரு கொம்பு விட்டுப் போயிருக்காதா என்று ஆசையோடு மூன்று தடவை படித்தார். முப்பது வருஷமாகத் திருத்தித் திருத்திக் கொடுத்த பலன், மனைவி ஓர் இடத்திலும் தவறவில்லை.

கடமை தவறாத அந்த அதிகாரி, வழக்கப்படி பக்கத்தின் அடியில் எழுதினார்:

‘பிழையில்லை. அச்சிடலாம்.’