டிபெண்டெண்ட் என்றொரு பதவி

மாரண்டஹள்ளி,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி கோவிந்தன் அவர்களுக்கு, பச்சியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் நிர்மலாதேவியும் உடம்பளவில் சுகம். கம்பைநல்லூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் முழுச் சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும் என்பதால் கடிதம், நாளைக்கே கிடைக்கும்படி ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் மகள் யுவராணி தக்காளி ஆராய்ச்சிக்கு நெதர்லாந்து போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. இங்கே தக்காளி விலையில்லாமல் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கிறது, ஆராய்வதற்கு அவ்வளவு தூரம் போகணுமா என்று கேட்டது உண்மைதான், அதை மனதில் வைக்க வேண்டாம். என் மகன் பூவரசன் பெங்களூர் கம்பெனி வேலையை விட்டதில்தான் விவகாரமே. நாற்பது பேர் அவனுக்குக் கீழே. வாசலுக்கே கம்பெனி கார் வரும். அத்தனையும் உதறிவிட்டு வியாழக்கிழமை பேத்தியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ப்ளேன் ஏறுகிறான். அங்கே உனக்கு என்ன வேலைப்பா என்று கேட்டதற்கு விசா பேப்பரை போனில் அனுப்பினான். பெயருக்குப் பக்கத்தில் டிபெண்டெண்ட் என்று இருந்தது. சூப்பரிண்டெண்டெண்ட் எனக்குத் தெரியும், தாலுகா ஆபீசில் அவர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். இதுவும் அந்த வகையில் வெளிநாட்டுப் பதவி என்று நினைத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நேராகப் பாலக்கோடு போய் ப்ளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாண்டு எதிரே கட்டிவிட்டேன். "நெதர்லாந்து நாட்டின் டிபெண்டெண்டாகப் பொறுப்பேற்கச் செல்லும் மாரண்டஹள்ளியின் மைந்தன் பூவரசனை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." கீழே தங்கள் போட்டோவும் உண்டு, கல்யாண ஆல்பத்தில் இருந்து எடுத்தது, கையில் சந்தனக் கிண்ணத்துடன்.

மூன்று நாள் ஊரே வாழ்த்தியது. ஒருத்தர் தன் மகனுக்கும் அங்கே ஒரு டிபெண்டெண்ட் போஸ்ட் பார்க்கச் சொல்லி பயோடேட்டாவே கொடுத்தார். நாலாம் நாள் தையல்கடை சர்தார் பாய் கூப்பிட்டார். பன்னிரண்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் அங்க இருந்தப்ப எங்க வூட்டுக்காரி வஹிதாவுக்கு இந்த விசாதாங்க எடுத்தேன். சம்பாதிக்கிறவங்கள அண்டி இருக்கிறவங்கன்னு அர்த்தமுங்க" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது சம்பந்தி. பெண் வீட்டில் போய் உட்கார்ந்தால் வீட்டோட மாப்பிள்ளை. இவன் நாட்டோட மாப்பிள்ளை ஆகிவிட்டான். போன் போட்டுக் கத்தினேன். "ஆமாங்கப்பா, இனிமே நான்தான் பாப்பாவைப் பாத்துக்கப் போறேன். நாலு மாசமா அது அவங்கம்மாவைப் போன்லதான் பாக்குது. ஆபீஸ்லயே கெடக்கறதால ஒரே வூட்ல இருந்தும் என்னையும் போன்லதாங்கப்பா பாக்குது" என்றான். வழியனுப்ப வரமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதிலிருந்து அவன் கூப்பிட்டாலும் நான் போனை எடுக்கவில்லை. சோறும் இறங்கவில்லை. போனால் எப்போது திரும்புவான் என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. எனக்கு எழுபது நடக்கிறது.

ஆகவே தாங்கள் மகளிடம் எடுத்துச் சொல்லி, பூவரசனை மெயினாகவும் யுவராணியை டிபெண்டெண்டாகவும் மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். முடியாதென்றால் குடும்பமே திரும்பி வரட்டும். அதுவரை பெங்களூர் ஏர்போர்ட் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டில் எல்லாரும் நல்லபடி இருக்க மாரியம்மன் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
மனமுடைந்த
பச்சியப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நிர்மலாதேவி வாங்கிப் படித்தாள். பீரோவில் இருந்து ஒரு அட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அவள் டீச்சராக இருந்தபோது கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை, என் நெஞ்சு ஆபரேஷனுக்குத் தர்மபுரியில் காட்டியது. அன்றைக்கு அதைப் படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மேலே அவள் பெயர். கீழே டிபெண்டெண்ட் என்று போட்டு என் பெயர். "இத்தன வருசமா நீங்களும் அதே பதவிலதானுங்க இருக்கீங்க. நான் என்ன பேனரா கட்டுனேன்?" என்றாள்.

மேற்படி கடிதத்தைத் தாங்கள் படிக்க வேண்டாம். ப்ளெக்ஸ் அப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமை விடிகாலை ஓசூர் பஸ்ஸில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறோம், தாங்களும் வந்துவிடுங்கள். நான் வருவதைப் பூவரசனிடம் தாங்களே சொல்லிவிடுங்கள். நான் பேசினால் அழுதுவிடுவேன்.