நாலாவது பெட்டி

சிங்கப்பூரில், காலாங்கிலிருந்து புக்கித் தீமா சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. சைக்கிளைத் தியேட்டர் மானேஜர் பிடுங்கிக்கொண்டுவிட்டார். (அவருடைய சைக்கிள்தான், குறை சொல்ல முடியாது.) கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரு சட்டை, ஒரு சாரோங் கைலி. பத்தொன்பது வயதுக்குள் ஆறு வேலைகளை நானாக விட்டுவிட்டு நடந்திருக்கிறேன். துரத்தப்பட்டு நடந்தது அன்றுதான். அதுவும் சினிமா நடிகனாக ஆன பிறகு.

நடிகன் என்றதும் யாரும் பழைய பாட்டுப் புத்தகங்களைத் தேடிப் போக வேண்டாம். படத்தின் பெயர் ‘அசட்டு மாணவர் சங்கம்’. சிராங்கூன் சாலையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர், வாடகைக் கேமராவை வைத்து எடுத்த காலேஜ் நகைச்சுவைப் படம். காலேஜ் மாணவர்களாக நடித்த நாங்கள் பதினோரு பேரும் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் இல்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கால்சட்டை மூன்றுதான் இருந்ததால் முன்பெஞ்சுக்காரர்கள் கால்சட்டை, பின்பெஞ்சுக்காரர்கள் சாரோங். பின்பெஞ்சில் எழுந்து நிற்கக் கூடாது என்பது டைரக்டரின் கண்டிப்பான உத்தரவு.

நான் முன்பெஞ்சு. எனக்கு வசனம்கூட உண்டு. வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பார். என் பெயர் வந்ததும் நானே எழுந்து, “நான் இன்னிக்கு வரலை சார்!” என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான். இந்த ஒரு வரியை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியாகச் சொன்னது பத்மாவிடம்.

பத்மாவின் அப்பா சாங்கியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் துணிகளை வெளுப்பவர். அவரிடம் ஐந்து மாதம் வேலை பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டு வந்த அத்தனை வேலைகளில் திரும்பிப் பார்த்தது அதை மட்டும்தான், காரணம் பத்மா. பட்டன் அறுந்த சட்டையை என் மேல் எறிந்துவிட்டு அவள் சிரிக்கும் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அவர்கள் குடும்பத்தோடு ஈப்போவுக்குக் குடிபோகவிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துக் காலை ரயில்.

“நீ காலேஜ் பையனா? கண்ணால பாத்தாதான் நம்புவேன்” என்றாள். “இதுவும் பொய்யுன்னா, உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்.”

“நாளைக்கு மத்தியானம் காலாங் கொட்டகைக்கு வா. பாத்துட்டுப் பேசு.”

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

படத்துக்கு இருந்தது ஒரே ஒரு பிரதி. ஓடியதோ இரண்டு கொட்டகையில். சிராங்கூன் பக்கத்துக் கொட்டகையில் ஒரு பிலிம் பெட்டி ஓடி முடிந்ததும், அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு காலாங் கொட்டகைக்குப் பறக்க வேண்டும். கொடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மொத்தம் ஆறு பெட்டிகள். அந்தச் சைக்கிள்காரன் நான்தான். (நடித்ததற்குச் சம்பளம் கிடையாது, அதற்குப் பதிலாக இந்த வேலை.)

என் காட்சி நாலாவது பெட்டியில். அது சிராங்கூனில் ஓடும்போது நான் மூன்றாவது பெட்டியோடு ரோட்டில் இருப்பேன். காலாங்கில் ஓடும்போது ஐந்தாவதைத் தூக்கத் திரும்பிக்கொண்டிருப்பேன். மூன்று நாளாக ஊரே என்னைப் பார்த்துவிட்டது, நான் பார்க்கவில்லை.

அன்று மூன்றாவது பெட்டியைக் கையில் எடுத்தவன் நின்றுவிட்டேன்.

“கிளம்பலையாடா?” என்றார் ஆப்பரேட்டர் அண்ணன்.

“ஒரு நிமிஷம்ணே. ஆரம்பத்துலயே நான் வந்துடுவேன்.”

ஸ்டூடியோக்காரர் அந்தக் காட்சியைப் பெட்டியின் கடைசியில் ஒட்டியிருந்தார். இப்போது வரும், இப்போது வரும் என்று இருபது நிமிஷம் நின்றேன். வந்தேன். அத்தனை பெரிய என் முகத்தை அன்றுதான் பார்த்தேன். காது இவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கொட்டகை சிரித்தது. பத்மாவும் இப்படித்தான் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பெட்டிகளையும் கட்டிக்கொண்டு மிதித்தேன்.

காலாங்கில் விசில் சத்தம் வாசல்வரை கேட்டது. இருபது நிமிஷமாக வெறும் திரை. மானேஜர் என் கையிலிருந்து மூன்றாவது பெட்டியைப் பிடுங்கி உள்ளே அனுப்பினார்.

“அடுத்த ஆட்டத்துக்குச் சீனப் படம், ஜனம் வந்து நிக்குது. ஒரு பெட்டிய விட்டாத்தான் நேரம் சரியா வரும். மூணுல பாட்டு இருக்கு. நாலுல என்ன?”

“கிளாஸ்ல... பேர் கூப்பிடுவாங்க சார்.”

“அது எதுக்கு லா? அத விட்டுடு. போய் அஞ்சாவதைக் கொண்டுவா, இன்னிக்கோட உன் வேலையும் முடிஞ்சுது.”

கெஞ்சினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்தையும் ஆறையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன்.

பத்மாவின் அம்மாதான் முதலில் வெளியே வந்தார். “மூட்டை கட்டுற வேலைய போட்டுட்டு வந்தேன் பாரு, இவன் பேச்சக் கேட்டு.”

பத்மா என்னை நேராகப் பார்த்தாள். “முழுப் படமும் கண்ணு கொட்டாமப் பாத்தேன். நீ எங்க இருந்த?”

“நாலாவது பெட்டியில.”

“அங்கயே இரு” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ஒரு தடவையாவது திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை.

படம் மறுநாளோடு எடுக்கப்பட்டது. அந்த ஒரே பிரதியும் ஸ்டூடியோவின் பின்னறையில் பூஞ்சை பிடித்து, நனைந்த அப்பளம்போல் ஒட்டிக்கொண்டு போயிற்று. பத்மாவுக்கு இன்றுவரை நான் பொய்யன்தான். பின்னாளில் இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னது என் அடுத்த முட்டாள்தனம். சாப்பாட்டு நேரத்தில் நான் வீட்டில் இல்லாவிட்டால், “அப்பா எங்கே?” என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அவள் சொல்லும் பதில்: “நாலாவது பெட்டியில.” இப்போது பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

அன்று புக்கித் தீமா சாலையில் ஒரு காய்கறி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். லாரி எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. கிராஞ்சியில் இறக்கிவிட்டார். மறுநாள் காலை அங்கே ஒரு செடித் தோட்டத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் எடுத்தார்கள். பத்மாவின் ரயில் கிளம்பும் நேரம். பெயரைக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றேன். கங்காணி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார். கடைசியில் “ராசு!” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “டேய், நேத்து சிராங்கூன் கொட்டகையில பாத்தேன். ‘வரலை சார்’னு சொன்னவன் இவன்தான்! அந்தக் காதப் பாருங்கடா!”

வரிசை முழுக்கச் சிரிப்பு. கங்காணி பென்சிலோடு என்னைப் பார்த்தார். “என்னப்பா, வரலைன்னு போட்டுடவா?”

“வேணாங்க, வந்துட்டேன்” என்று சொல்லி, தண்ணீர் வாளிகளைத் தூக்கிக்கொண்டேன்.