தேம்ஸ் நதியில் ஒரு பாக்குவெட்டி

கல்யாணம் நெருங்க நெருங்க ஆண்களுக்குப் புத்தி மங்கும் என்பது என் அனுபவம். சிலர் தலைமயிரைச் சிவப்பாக்கிக்கொள்வார்கள், சிலர் திடீரென்று ஜிம்முக்கு ஓடுவார்கள். நான் தேம்ஸ் நதியில் கயாக் என்னும் துடுப்புப் படகு விடப் போனேன். (நீச்சல் தெரியுமா என்று கேட்காதீர்கள். நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு.)

யோசனை அன்ரனுடையது. லண்டன் இல்ஃபோர்டில் இருக்கும் மன்னார்க் கத்தோலிக்கன், என் பள்ளிக்கூட நண்பன். "மச்சான், கல்யாணம் கட்டினாப் பிறகு உன்னை ஆர் விடப்போகினம்? மூண்டே நாள். ரெடிங்கில இறங்கி அப்பிடியே கீழ வருவம்" என்றான். காற்றடித்து ஊதும் கயாக் ஒன்றையும் எங்கேயோ இரவல் வாங்கிவிட்டான்.

ஒரே சிக்கல், எனக்குப் பொன்னுருக்கு முடிந்திருந்தது. தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால், தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது என்பது எங்கள் ஆட்களின் சட்டம். அதைவிடப் பெரிய சட்டம் துஷியின் பெரியம்மா. துஷி நான் கட்டப்போகிற பெண். தகப்பன் இல்லாத அவளுக்கு எல்லாமே பெரியம்மாதான். கனடாவிலிருந்து வந்திறங்கிய நாள் முதல், "பெடியன் பொறுப்பானவனோ?" என்று கண்டவரை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் தலையை இடவலமாக ஆட்டினால் கல்யாணம் நின்றுவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போனேன்.

அம்மா கத்திப் பார்த்தார், அழுது பார்த்தார். கடைசியில் சமையலறைக்குள் போய்ப் பாக்குவெட்டியோடு வந்தார்.

"இரும்பு உடம்பில இருந்தா ஒண்டும் அண்டாது. இதை இடுப்பை விட்டு எடுக்கக் கூடாது தம்பி. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஆற்றில் அன்ரன் முன்னால் இருந்து இடப்பக்கம் துடுப்புப் போட, நான் பின்னால் இருந்து அதே பக்கம் போட, கயாக் கரையில் நின்ற ஒவ்வொரு மரத்தையும் போய் நலம் விசாரித்தது. அன்னங்கள் எங்களைத் துரத்தின. கூடாரத்தை ஈரமாகவே கட்டி ஈரமாகவே அவிழ்த்தோம். கடைசி நாள் வின்ட்ஸரை நெருங்கும்போது, பாக்குவெட்டி இடுப்பில் குத்திக் குத்தி உயிர் போனது. சத்தியத்தைச் சற்றே திருத்தி, அதை எடுத்து இருக்கைக்கு அடியில் செருகிவிட்டு, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

உஸ்ஸ்ஸ்.

"மச்சான், பாம்பே?" என்றான் அன்ரன்.

"தேம்ஸில ஏதடா பாம்பு?"

"அப்ப என்ன சத்தம் உது?"

குனிந்து பார்த்தேன். பாக்குவெட்டியின் கூர் மூக்கு கயாக்குக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. பதறிப்போய்ப் பிடுங்கினேன். பிடுங்கியிருக்கக் கூடாது. கயாக் நடுவில் மடிந்து, எங்கள் மண்டைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுக் கவிழ்ந்தது.

லைஃப் ஜாக்கெட் இருந்ததால் மிதந்தோம். அது இல்லாதவர்களைப் போலக் கத்தினோம். நான் முருகனைக் கூப்பிட்டேன், அவன் மடு மாதாவைக் கூப்பிட்டான். இருவரில் யார் அனுப்பினார்களோ, ஆற்று வளைவில் ஒரு சுற்றுலாப் படகு வந்தது. மேல்தட்டு முழுக்கச் சேலைகள். கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களை வின்ட்ஸர் கோட்டைக்குக் கூட்டிப்போய், அப்படியே படகிலும் ஏற்றி இறக்குவது லண்டன் தமிழர்களின் கடமை. அந்த வாரம் யார் வீட்டில் கல்யாணம்?

படகின் முன்பக்கத்தில் பெரியம்மா நின்றார். பக்கத்தில், வாசலைத் தாண்டவே கூடாத துஷி, கையில் சிப்ஸோடு.

பெரியம்மாவின் குரல் இரண்டு கரைக்கும் கேட்டது.

"ரெண்டு பேரும் கண்ணை மூடுங்கோ!"

மூடினோம். சிப்ஸைப் பிடித்தபடி அவள், தண்ணீரில் தத்தளித்தபடி நான். படகுக்காரர் வீசிய மிதவை வளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டே துழாவினேன். அகப்பட்டது அன்ரனின் காது. ஒருவழியாக எங்கள் இருவரையும், சுருங்கிப்போன கயாக்கையும் இழுத்து மேலே போட்டார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. எல்லாம் முடிந்தது, துஷி இனி எனக்கு இல்லை என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. நல்ல வேளை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

"உது என்ன கையில?" என்று பெரியம்மா கேட்டார்.

விரல்களை விரித்தேன். பிடுங்கிய பாக்குவெட்டி அப்படியே இருந்தது.

"இரும்பு... அம்மா தந்து விட்டவ."

"பாத்தீங்களே!" என்று பெரியம்மா கூட்டம் முழுக்கக் கேட்கக் கூவினார். "தண்ணிக்குள்ள விழுந்தும் தாய் குடுத்த இரும்பை விடேல்லை. இதல்லோ பொறுப்பு!"

அன்ரன் ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமினான். அவன் கால் எங்கே இருக்கும் என்று குத்துமதிப்பாகக் கணித்து ஓங்கி மிதித்தேன். (அது யாரோ ஒரு சித்தப்பாவின் கால். ஆனாலும் அவர் போட்ட சத்தத்தில் அன்ரன் விஷயத்தைப் புரிந்துகொண்டான்.)

சொன்ன நாளில் வெஸ்ட் ஈலிங்கில் கல்யாணம் நடந்தது. தாலி முடிச்சைப் போட்டு முடித்தபோது விட்ட பெருமூச்சை வீடியோவில் இன்றும் தெளிவாகக் கேட்கலாம்.

போன கோடையில் பெரியம்மா கோலியர்ஸ் வுட்டுக்கு எங்களிடம் வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் அன்ரன், இனி என்ன பயம் என்று, உண்மையைப் போட்டு உடைத்தான். நான் சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் பெரியம்மா, மீனில் முள் எடுத்தபடி. "கயாக்கைச் சுருட்டேக்க ஓட்டையைப் பாத்தனான்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"எப்பிடித் தம்பி சொல்லுறது? வந்த சனத்தை ஏத்தின வானை ஓட்ட வேற ஆளில்லையெண்டு, பொன்னுருக்கு முடிஞ்ச பிள்ளையை வெளியில கூட்டிக்கொண்டு வந்தது நான். உங்கட அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா கல்யாணம் நிண்டிருக்கும். நீங்கள் பயந்ததைவிட நான் கூடப் பயந்தனான்."

இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்த பாரம் அன்று இறங்கியது. இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.

இப்போதும் நான் பால் வாங்க மூலைக்கடைக்குப் புறப்பட்டாலே, துஷி வாசலில் வந்து நிற்பாள். "இரும்பு எடுத்தாச்சோ?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொள்வாள். அவளைப் பார்த்து எங்கள் மகளும் பொத்திக்கொள்வாள், விரலிடுக்கால் பார்த்தபடி.