சிபாரிசு ஏற்காத வாசல்

திருப்பதியில் நிருபராக வேலை பார்ப்பவனுக்கு உறவினர்கள் அதிகம். என் அக்கா கல்யாணத்துக்கே வராதவர்கள்கூட எனக்குப் போன் செய்து நலம் விசாரித்திருக்கிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் தரிசனத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கிடைக்குமா என்று கேட்பார்கள். (நம்ம ஆள் பேப்பரில் இருக்கிறான் என்று என் அப்பா, எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனா, ஊரெல்லாம் சொல்லிவைத்ததன் பலன்.) யாருக்கும் நான் வாங்கிக் கொடுத்ததில்லை. சிபாரிசு என்றாலே எனக்கு வெறுப்பு. அந்த வெறுப்பை ஒரு கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுத்தேன். அது என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டது.

எங்கள் ஊர் கங்காதர நெல்லூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தோத்தாபுரி மாங்காய் விளையும் ஊர். சீசனில் மாம்பழக்கூழ் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். அதைக் குறைக்க விவசாயிகள் சங்கம் முறை வைத்தது. அதற்கான வலைத்தளத்தை நான்தான் செய்து கொடுத்தேன். ஊருக்கு ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்ட். காலை பத்து மணிக்குள் உள்ளே போய் எத்தனை வண்டி என்று பதிந்துவிட்டால் அன்றே ஆலைக்குள் போகலாம். தவறினால் மறுநாள்தான். பறித்த காய் ஒரு நாள் வெயிலில் கிடந்தால் ஆலை எடுக்காது. சாலையோரம் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

ஒரு நாள் சும்மா இருக்காமல் அந்த சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். யார் உள்ளே நுழைய முயன்றாலும் அது ஒரு வரி எழுதிவைக்கும். படிக்கப் படிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாங்காய் வண்டிகளின் வரிசை எண்களைத் தவிர ஒன்றுமில்லாத அந்தச் சின்னப் பெட்டியின் கதவை, நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களிலிருந்து யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெயர் சொல்லிப் பார்ப்பது, இல்லையென்றால் இன்னொரு பெயர். கோபமில்லை, களைப்பில்லை. திருப்பதி மலையில்கூட நடை சாத்தும் நேரம் உண்டு. இங்கே அதுவும் கிடையாது. யார், எங்கிருந்து, எப்போது என்பதெல்லாம் அந்த வரிகளில் இருந்தது. ஏன் என்பது மட்டும் இல்லை.

இதற்கென்றே ஒரு காவல் நிரல் இருக்கிறது. அது பதிவேட்டைப் படித்துக்கொண்டே இருக்கும். ஒரே இணைய முகவரியிலிருந்து திரும்பத் திரும்பத் தப்பான பாஸ்வேர்ட் வந்தால் அந்த முகவரிக்குக் கதவைச் சாத்திவிடும். சிறிது நேரம் கழித்துத் தானே திறந்தும் விடும். நான் அதை மாற்றினேன். மூன்று தப்பு, அதன் பிறகு ஆயுளுக்கும் கிடையாது. அதில் இன்னொரு வரியும் இருந்தது. என்ன தப்பு செய்தாலும் தடுக்க வேண்டாத முகவரிகள் இருந்தால் இங்கே எழுதலாம் என்றது. ஆக, இங்கேயும் சிபாரிசு! கொள்கையோடு அதைக் காலியாக விட்டேன். கையோடு எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றி, மற்ற ஊர்களுக்கு அனுப்பிவைத்தேன். எங்கள் ஊருக்கு மட்டும் அனுப்பவில்லை. மறுநாள் காலை நானே போகிறேனே, நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

போனேன். தெருவில் டிராக்டர்கள் காயோடு நின்றிருந்தன. முதலில் குளித்துவிடலாம் என்று குளிக்கப் போனேன். வெளியே வந்தபோது நைனா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பக்கத்தில் கோவிந்தம்மா அத்தை, பின்னால் முனிரத்தினம் மேஸ்திரி.

"சேகரு, உன் டப்பா தொறக்கல" என்றார் நைனா. "நான் போட்டேன், ஆவல. கோவிந்தம்மாவ இட்டுகினு வந்து அமுக்கச் சொன்னேன். அதுக்கும் ஆவல. மேஸ்திரி ஒரு வாட்டி பாத்தாரு. இப்ப அந்தப் பேஜே வரல."

இதை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் அத்தைக்குக் கைராசி என்று பெயர். முதல் விதையை அவர்தான் போட வேண்டும், டிராக்டரில் முதல் கூடையை அவர்தான் கொட்ட வேண்டும். பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை என்றதும் நைனாவுக்குத் தோன்றியது அதே பாஸ்வேர்டை வேறு கையால் போட வேண்டும் என்பதுதான்.

எதிர்வீட்டு இணைப்பில் முயன்றோம். கடைசித் தெருவிலும் முயன்றோம். எங்கும் திறக்கவில்லை. ஊருக்கே ஒரு கேபிள்காரர்தான். அவர் ஒரே இணைப்பைத்தான் வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஊர் மொத்தமும் ஒரே முகவரி. என் காவலாளி மூன்று விரல்களுக்காக ஓர் ஊரையே வெளியே தள்ளிவிட்டான். அவனைச் செய்த நானும் ஊருக்குள்தான் இருந்தேன். பயத்தின் நடுவிலும் எனக்குப் பிரமிப்பாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் முகம் பார்க்காமல் சாத்தப்பட்ட ஒரு கதவை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப நீ செஞ்ச மிஷினுக்கு உன்னியே தெரியாதா?" என்று அத்தை கேட்டார்.

"தெரியாது அத்தை."

"நல்லா கீது."

ஊரில் செல்போன் சிக்னல் கிடையாது. மெயின் ரோட்டுக்குப் போனால் கிடைக்கும், அங்கே முகவரியும் வேறு. நைனா டிராக்டரை எடுத்தார். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் காய்க்குவியல் மேல் உட்கார்ந்தேன். தன் தோட்டத்துக் காயும் அதில் இருந்ததால் அத்தையும் ஏறிக்கொண்டார். வழிநெடுக மற்ற டிராக்டர்களிலிருந்து என்னைப் பார்த்தார்கள்.

மெயின் ரோட்டில் சிக்னல் வந்தது. போனிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்பு கொடுத்தேன். பத்து மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன. சர்வருக்கு நான் வைத்திருந்த புது பாஸ்வேர்ட் யாராலும் ஊகிக்க முடியாதது. அதாவது, மாங்காய்ப் பால் பிசுபிசுக்கும் விரல்களால் யாராலும் அடிக்கவும் முடியாதது. முதல் முறை தப்பு. மெதுவாக அடித்தேன், அதுவும் தப்பு.

இன்னும் ஒரு தப்பு செய்தால் இந்த முகவரியும் போய்விடும்.

மூன்றாவது முறை ஒவ்வோர் எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். கடைசிப் பொத்தானுக்கு விரல் போகவில்லை. மூடநம்பிக்கைகளைக் கண்டித்து ஞாயிறு மலரில் கட்டுரை எழுதியவன் நான். லேப்டாப்பை அத்தை பக்கம் திருப்பினேன்.

"நீங்க அமுக்குங்க அத்தை."

"வேணாம்டா. காத்தால நான் அமுக்கித்தான போச்சு."

"அது பழைய பாஸ்வேர்ட். உங்க கைமேல தப்பில்ல."

அத்தை விரலை முந்தானையில் துடைத்தார். திருப்பதி இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு அமுக்கினார்.

திறந்தது.

ஊருக்கான தடையை நீக்கினேன், வண்டிகளைப் பதிந்தேன். பத்து மணிக்கு முன்பே முறை வந்துவிட்டது. பிறகு காலியாக விட்ட அந்த வரிக்குப் போய் எங்கள் ஊர் முகவரியை எழுதினேன்.

"இன்னாடா எழுதிகினு கீற?" என்று நைனா டிராக்டரிலிருந்தே கேட்டார்.

"சிபாரிசுக் கடிதம்."

"யாருக்கு?"

"ஊருக்கு."

"இப்பத்தான் பேப்பர்காரனா ஆயிருக்க" என்று சொல்லிவிட்டு நைனா வண்டியைக் கிளப்பினார்.

இப்போதும் ஊருக்குப் போய் வீட்டுக் கதவைத் தட்டினால் நைனா உள்ளேயிருந்து எண்ணுகிறார். ஒண்ணு என்கிறார், ரெண்டு என்கிறார். நான் கையை இறக்கிக்கொள்கிறேன். "மூணாவது தட்டாத. கோவிந்தம்மாவ இட்டுகினு வா" என்று குரல் வரும். எதிர்வீட்டிலிருந்து அத்தை சிரிக்காமல் வந்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு தட்டு தட்டுவார்.

திறக்கிறது.