கடற்கரை முழுக்க முட்டை

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் வலியும் சித்தியின் கண்புரையும் தம்பியின் மேற்படிப்பு நுழைவுத் தேர்வும் நல்லபடியாகத் தீரட்டும். இங்கே அப்பா சுகம். நானும் சுகமாகத்தான் இருந்தேன், செவ்வாய்க்கிழமை காலை உங்கள் பத்திரிகை எங்கள் வாசலில் வந்து விழும்வரை.

இதை உங்கள் 'வாசகர் கடிதம்' பகுதிக்குத்தான் அனுப்ப நினைத்தேன். அங்கே நூறு சொல்லுக்கு மேல் போடமாட்டீர்கள். என் கோபம் நூறு சொல்லில் அடங்காது. போன் செய்தால் "சொல்லு கண்ணு" என்று ஆரம்பிப்பீர்கள், எனக்குக் கோபம் பாதி போய்விடும். இந்த முறை அது போகக் கூடாது. ஆகவே கடிதம்.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கடற்கரையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏதோ ஆமை ஆராய்ச்சி என்பதும் தெரியும். அதில் என்ன செய்கிறேன் என்பது தெரியாது, விவரம் கேட்டதும் இல்லை. துறைமுகச் சுவரிலிருந்து அந்தப் புதிய விடுதியைத் தாண்டி முகத்துவாரம்வரை உள்ள மணலை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறோம். பகுதிக்கு ஒரு குழு. விடிகிற நேரத்தில் நடப்பார்கள். இரவில் ஆமை கரையேறியிருந்தால் மணலில் சின்ன டிராக்டர் போன மாதிரி தடம் இருக்கும். தடம் உண்டா, கூடு உண்டா, கடல்நீரின் சூடு என்ன, விடுதி மாடியிலுள்ள விளக்குகளின் வெளிச்சம் எதுவரை விழுகிறது என்று குறித்துக்கொண்டு, கால் கழுவிவிட்டுப் பள்ளிக்கு வருவார்கள். ஒருகாலத்தில் ஆமைகள் வந்த கரை இது. கடலைப் பார்த்து அந்தப் பெரிய விளக்குகளை வைத்தபிறகு வருவதில்லை என்பது எங்கள் சந்தேகம். சந்தேகத்தைக் கடலோரப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொன்னோம், ஆதாரம் கேட்டார்கள். இல்லாத ஒன்று இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் கொடுப்பது? ஒவ்வொரு விடியலிலும் போய்ப் பார்த்து, இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது. ஒன்றும் காணாத நாளில் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். "ஒண்ணுமே இல்லைன்னா என்னத்த மிஸ் எழுதறது?" என்பார்கள். காலியாக விட்டால் நீ போகவில்லை என்று அர்த்தம், பூஜ்யம் போட்டால் நீ போனாய், பார்த்தாய், இல்லை என்று அர்த்தம், இரண்டும் ஒன்றல்ல என்று விளக்கினேன். மனிதர்கள் எண்ணத் தொடங்கி எத்தனையோ காலம் கழித்துத்தான் இல்லாமைக்கு ஒரு குறி போடத் துணிந்தார்கள் என்று, படித்ததையெல்லாம் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "அப்போ இங்க முட்டை வாங்கினா நல்லதா மிஸ்?" என்றாள். நல்லதுதான் என்றேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் பூஜ்யத்துக்கு முட்டை என்றே பேர் நிலைத்துவிட்டது. "ரெண்டாம் பகுதி?" "முட்டை மிஸ்." "நாலாம் பகுதி?" "முட்டைதான் மிஸ்." பரீட்சையில் முட்டை வாங்கித் தலைகுனிந்த பிள்ளைகள் முதல்முறையாக நிமிர்ந்து முட்டை என்றார்கள். அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. ஆமை முட்டை தேடுகிற இடத்தில் பூஜ்யத்தை முட்டை என்று அழைப்பது விவேகமா என்று கேட்பீர்கள். எங்களுக்குள் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை சித்தப்பா. குழப்பிக்கொள்ள அங்கே நிஜ முட்டை ஒன்றுகூட இல்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் போன் செய்தபோது நான் முழங்கால் தண்ணீரில் வெப்பமானியோடு நின்றுகொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுக்காரியைத்தான், அவளை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம், எடுத்துப் பேசச் சொன்னேன். என்ன பேசினீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டாம். ரேடியோ ஒருமுறை கேட்டதை இரண்டு குரலிலும் திருப்பிச் சொல்வாள்.

"என்னம்மா, ஆமை ஆராய்ச்சி எப்படிப் போகுது?"

"முட்டை சார்."

"அப்படியா? எங்க?"

"எல்லா எடத்துலயும்தான் சார். ஆறு பகுதியிலயும் முட்டை."

"ஆறுலயுமா? எப்பலேர்ந்து?"

"ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே சார். ஒரு நாள் தவறாம."

"உங்க மிஸ் என்ன சொல்றாங்க?"

"கண்ணு கலங்கி நிக்கிறாங்க சார்."

சித்தப்பா, என் கண்ணில் மணல் விழுந்திருந்தது. அது போகட்டும். முப்பது வருஷமாகப் பத்திரிகை நடத்துகிற ஒருவர், ஆறு பகுதியிலும் ஒருநாள் தவறாமல் முட்டை என்று ஒரு பிள்ளை சொன்னால், எத்தனை முட்டை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எத்தனை என்று கேட்டிருந்தால், "முட்டைன்னா எத்தனைன்னு எப்படி சார் சொல்றது" என்று அவள் சிரித்திருப்பாள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை. மறுநாள் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: 'கடற்கரை முழுக்க முட்டை!!! ஆமைகள் படையெடுப்பு, ஆசிரியை ஆனந்தக் கண்ணீர்.' மூன்று ஆச்சரியக்குறி. தேர்தல் முடிவுக்கே நீங்கள் ஒன்றுதான் போடுவீர்கள்.

அதோடு என் படம். என்னிடம் கேட்காமல். நான் படம் எடுத்துக்கொள்வதே இல்லை என்று தெரிந்தும், தம்பி பட்டம் வாங்கிய நாளில் குடும்பத்தோடு எடுத்ததிலிருந்து என்னை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். வெட்டினது சரி, என் தோளில் இருந்த சித்தியின் கையை ஏன் விட்டுவைத்தீர்கள்? மணிக்கட்டோடு முடிகிற ஒரு கை. ஆசிரியர் அறையில் யாரும் முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. "அது யாரு கைங்க?" என்றுதான் கேட்டார்கள். சித்தி கை என்றேன். "சரி சரி, சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க" என்றார் கணக்கு ஆசிரியை. தலைமையாசிரியர் பத்திரிகையைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிவிட்டார். இது தப்புச் செய்தி சார் என்றேன். "பேப்பர்ல வந்தது எப்படி டீச்சர் தப்பாகும்?" என்றார். ஒரு முட்டைகூட இல்லை சார் என்றேன். "இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும், சட்டம் அடிச்சாச்சு" என்றார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அலுவலகத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. விளக்குகளைப் பற்றிய எங்கள் மனுவை அடுத்த வாரம் விசாரிப்பதாக இருந்தார்கள். இரண்டு வருஷமாக ஏறி இறங்கி வாங்கிய தேதி அது. நான் தாள்களைத் தூக்கிக்கொண்டு போனால், அதிகாரி உங்கள் பத்திரிகையைத் தூக்கிக் காட்டுகிறார். "அதான் ஆமை வந்து கொட்டிட்டுப் போயிருக்கே மேடம், அப்புறம் லைட்டு மேல என்ன கம்ப்ளெய்ன்ட்?" முட்டை என்றால் பூஜ்யம் சார் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் வரவழைத்தார். வெயிலில் வந்திருக்கிறேனாம். மனு மூடப்பட்டது.

விடுதி முதலாளி இருக்கிறாரே, அவருக்கு அடித்தது யோகம். 'ஆமைகளின் தாய்வீடு' என்று வாசலில் பலகை. யாரோ குழந்தைகள் குவித்துவிட்டுப் போன மணல் குவியல்களுக்கெல்லாம் கொடி நட்டு, காவலாளி விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டுபோய், "மெதுவா பேசுங்க, முட்டை தூங்குது" என்கிறார். நாங்கள் இரண்டு வருஷம் கெஞ்சியும் ஒரு பல்பைத் திருப்பாத மனுஷன், இல்லாத முட்டைக்கு மரியாதை செய்யும் விதமாக மாடி விளக்குகள் அத்தனையையும் அணைத்துவிட்டார். "எங்க கெஸ்ட்டுங்க தூக்கத்த நாங்களே கெடுக்கலாமா?" என்று என்னிடமே கேட்கிறார். உண்மையைச் சொன்னபோது அணையாத விளக்கு பொய்க்கு அணைகிறது. எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நேற்று மூன்றாம் குழுவின் தாளைப் பார்த்தேன். கூடு: இரண்டு. ஓடிப்போய்ப் பார்த்தால் வெறும் மணல். ஏன்டா இப்படி என்றேன். "பேப்பர்லயே வந்துருச்சே மிஸ், நாம மட்டும் முட்டை போட்டா நம்மளத்தான பொய்யின்னு சொல்லுவாங்க?" என்கிறான். இல்லையென்றால் இல்லை என்று எழுத நான் ஒரு பருவம் முழுக்கக் கற்றுக்கொடுத்ததை, நீங்கள் ஒரு காலைப்பொழுதில் துடைத்துவிட்டீர்கள். ரேடியோ வாயே திறப்பதில்லை. பள்ளி முழுக்க அவளை இப்போது முட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்று எல்லோரும் போனபின் என் மேசையருகே வந்து நின்று, "நான் பொய்யா மிஸ் சொன்னேன்?" என்று கேட்டாள். இல்லையம்மா, நீ சொன்னது அத்தனையும் நிஜம், கேட்டவருக்குத்தான் காது சரியில்லை என்றேன். உங்களை அப்படிச் சொன்னதற்காக நான் வருந்தவில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது இதுதான். நாளை மறுநாளுக்குள் மறுப்பு வர வேண்டும். அதே முதல் பக்கம், அதே கொட்டை எழுத்து. ஐந்தாம் பக்கத்தில், இரங்கல் செய்திகளுக்குக் கீழே, பொடி எழுத்தில் 'வருந்துகிறோம்' என்று போடும் வழக்கமெல்லாம் என்னிடம் வேண்டாம். அந்தப் பெண் சொன்னது சரி, தவறு எங்களுடையது என்று தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். முட்டை என்றால் என்ன என்றும் ஒரு வரி. ஆச்சரியக்குறி மூன்றும் இருக்கட்டும். பூஜ்யத்துக்கு அந்த மரியாதை உண்டு. தவறினால், அப்பாவிடம் சொல்வேன். அவர் உங்களிடம் பேசமாட்டார், சித்தியிடம் பேசுவார். அதற்குமேல் என்ன நடக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தம்பிக்கு என் வாழ்த்து. என் தோளில் இருந்த கைக்கு உரியவருக்கு என் அன்பு. உங்களுக்கு, வயதில் மூத்தவர் என்ற ஒரே காரணத்தால், வணக்கம்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் அண்ணன் மகள்.

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் படுத்தேன். பிரித்து இதை எழுதுகிறேன். ஓரம் கிழிந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விடிந்தும் விடியாமல் ரேடியோ போன் செய்தாள். "மிஸ், முட்டை மிஸ்." சரி, எழுதிக்கோ என்றேன். "இல்ல மிஸ், முட்டை." அதான் எழுதிக்கோ என்கிறேனே என்றேன். "ஐயோ மிஸ், முட்டை முட்டை மிஸ். நெஜ முட்டை." செருப்பை மறந்து ஓடினேன். ஐந்தாம் பகுதி, விடுதிக்கு நேர் கீழே, விளக்குகளை அணைக்கும்வரை வெளிச்சம் பளீரென்று விழுந்துகொண்டிருந்த இடம். சின்ன டிராக்டர் வந்து திரும்பிப்போன மாதிரி தடம். நாய் ஒன்று ஓரத்தைக் கிளறியிருந்தது. உள்ளே வெள்ளையாக இரண்டு தெரிந்தன. மணல் தள்ளி மூடி, சுற்றிலும் பிள்ளைகளை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். காவலாளி கொடி நட வந்தார். முதல்முறையாக, நடட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுப்பு வந்தால் முதலாளி அன்று மாலையே விளக்கைப் போட்டுவிடுவார். குஞ்சுகள் வெளியே வந்து கடலை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்து ஊரும். ஆகவே மேலே கேட்ட எதையும் இப்போது போடாதீர்கள். எனக்கு இதை எழுத எவ்வளவு கசக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். குஞ்சுகள் கடலில் இறங்கிய மறுநாள் இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் போடுங்கள். விளக்கு எரிந்தபோது என்ன, அணைந்தபோது என்ன என்று இரண்டு பதிவும் கையில் இருக்கும். மனுவை மறுபடி திறக்கவைப்பது என் வேலை. மூன்றாம் குழு தங்கள் இரண்டை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டுவிட்டது. ஐந்தாம் பகுதியில் 'கூடு: 1' என்று எழுதியவள் ரேடியோ. முட்டை என்று எழுதவில்லை, எண்ணால் எழுதினாள். எழுதிவிட்டுப் பேச ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

அந்த ஆனந்தக் கண்ணீர் விஷயம் மட்டும் இன்று காலை உண்மையாகிவிட்டது. அதைப் போட வேண்டாம்.