பாலத்தாரின் கோபம்

ஒரு பாலத்தின் மீது கோபப்பட்டு, அந்தக் கோபத்தில் அதன் சரித்திரத்தையே பாடமாக்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். நாங்கள் அவரைப் பாலத்தார் என்போம்.

எண்பதுகளின் நடுவில், கொலோன் நகருக்கு வெளியே ஓர் அகதி முகாமில் எனக்கும் அவருக்கும் ஒரே அறை. பின்னால் வந்து சேர்ந்த அவர் மனைவியை ரைன் நதிக்கு அந்தப் பக்கம், கொலோன் முகாமில் போட்டார்கள். எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும். கேட்டால் கிடைக்காது. நடுவில் ரோடன்கிர்ஷன் தொங்குபாலம் பச்சைப் பசேலென்று ஒய்யாரமாக நின்றது.

"உலகச் சண்டைக் காலத்திலை குண்டு விழுந்து ஆத்துக்கை கிடந்த பாலம். கோபுரம் ரெண்டும்தான் மிஞ்சினது. திருப்பிக் கட்டிப்போட்டாங்கள். அதைத் தூக்கி நிமித்தினவங்களுக்கு என்ர மனுசியை இஞ்சாலை விட ஏலாதோ?" கேட்டது என்னை அல்ல, சோற்றுப் பானையை.

ஒருநாள் சமையலறையில் செயல்முறை விளக்கம். இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள் கோபுரங்கள். உடுப்புக் காயப்போடும் கயிற்றை அவற்றின் மேலால் இழுத்து, ஒரு நுனியை ஜன்னலிலும் மற்றதைக் கதவிலும் கட்டினார். அதில் தொங்கிய அவரது இடுப்புச் சாரம்தான் வீதி.

"கயிறு ரெண்டு கரையிலையும் நிலத்துக்கை புதைஞ்சிருக்கு. ஒரு கரை விட்டாலும் எல்லாம் போச்சு."

அந்த நேரம் பார்த்து முகாம் பொறுப்பாளர் கதவைத் தள்ளினார். வீதி மீன் குழம்புக்குள் இறங்கியது.

"எந்த விசரன் கரையைத் திறந்தது?" என்று பாலத்தார் பாய்ந்தார்.

மறுபடியும் அனுமதி மறுத்த அன்று, மனைவியைப் பாலத்துக்கு வரும்படி டெலிபோனில் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். பின்னேரம் பொலிஸ் வண்டி கொண்டுவந்து இறக்கியது.

"தன்ர ஊர்ப் பாலம் கட்டின கதை அவனுக்குத் தெரியாது! நான் சொல்லச் சொல்ல வண்டியிலை ஏத்துறான்!"

"அக்காவைக் கண்டனீங்களோ, அண்ணை?"

குரல் இறங்கியது. "ஓம். நடுப்பாலத்திலை. கையைப் பிடிக்க முந்தி வந்திட்டாங்கள்."

அன்று கோட்டைக் கழற்றாமலே படுத்தார்.

பிறகு அவரும் மனைவியும் கனடாவில் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் தீர்ந்திருக்கும். எனக்குத் தீரவில்லை. இன்று ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன், என்னை யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் கார் நடுப்பாலத்துக்கு வந்ததும் கண்ணாடியை இறக்கி, பாலத்தாருக்காக உரக்க ஒருதரம் திட்டிவிட்டுத்தான் மறுகரைக்குப் போகிறேன்.