கூடையில் கட்டை போடச் சொன்னவர்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணன் அவர்களின் சமூகத்திற்கு, பள்ளிப் படியை அதிகம் மிதிக்காவிடினும் அகராதியை அட்டை முதல் அட்டை வரை ஓதி முடித்த தங்கை பணிவுடன் வரைவது. இங்கு யாவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

கூப்பிட்டால் என் மகள் திரும்பாதது திமிர் என்றும், நாலு நாள் வந்து தங்கித் திருத்துவதாகவும் தாங்கள் அருளியிருந்தீர்கள். தாங்கள் வர வேண்டியதில்லை. அது திமிரன்று, செவிக்குறை.

வகுப்பாசிரியையும் முதலில் திமிர் என்றே எண்ணினாராம். பிறகு, தாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசும்போது மட்டும் அவள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, சிறப்பாசிரியையிடம் அனுப்பினார். அந்த அம்மையார் ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்கும்தோறும் ஒரு மரக்கட்டையைக் கூடையில் போடச் சொன்னார். நான் பின்னால் நின்றேன். ஒன்றும் தவறவில்லை. எங்கள் வம்சத்துக் காது என்று நான் பெருமை பேசத் தொடங்கியதும் அவர் குறுக்கிட்டார்.

"மிஷின்ல லைட் எரியுறப்பல்லாம் நீங்க வாயசைச்சு 'போடு, போடு'ங்கிறது எதிர் சன்னல் கண்ணாடில தெரியுதும்மா. அதப் பாத்துத்தான் போடுறா."

அறியாது பிழை செய்தது பெற்றவளின் உதடு. என்னை வெளியே பெஞ்சில் அமர்த்திக் கதவைச் சாத்தினார். உள்ளே கட்டைகள் முன்போலவே டக், டக்கென விழுந்தன. பிறகு ஓசையே இல்லை. கதவைச் சற்றே திறந்து எட்டிப் பார்த்தேன். சன்னல் கண்ணாடி முழுதும் அந்த அம்மையார் தாள் ஒட்டியிருந்தார். கட்டையும் கையுமாக மகள் விழித்துக்கொண்டிருந்தாள். சிறப்பாசிரியை அவள் முகத்துக்கு நேரே குனிந்து, இவ்வளவு நேரம் போடச் சொன்னது யார் என்று வினவினார்.

"பின்னாடி நின்ன ஆன்ட்டி."

பக்கவாட்டில் அமர்ந்திருந்த தம் பிம்பத்தைத்தான் குழந்தை கண்ணாடியில் கண்டிருக்கும் என்று அவர் தீர்ப்பளித்தார். ஆயினும் மீதிச் சோதனையைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே செய்தார்.

இப்போது செவிக்கருவி வந்துவிட்டது. முதல் வரிசை இடம். ஆசிரியை அவள் முகம் பார்த்தே பேசுகிறார். பிள்ளைகள் மேசையைத் தட்டி அழைக்கிறார்கள். நேற்று ஒரு பக்கம் உரக்க வாசித்தாள் அண்ணா, நான் அடுப்பை அணைக்க மறந்துட்டேன். அடுக்களையில் நான் முணுமுணுப்பதும் அவளுக்குக் கேட்பதால், தங்களைப் பற்றி முணுமுணுப்பதை நிறுத்தியுள்ளேன்.

தங்களுக்கு வணக்கமும், அண்ணியாருக்கு அன்பும், அவர் பொறுமைக்குத் தனி வணக்கமும் கூறி அமையும்,
தங்கை.

பி.கு.: உறையை ஒட்டும் தறுவாயில் மகள் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஏன் என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

"அந்த ஆன்ட்டி குரல் இப்ப நல்லாக் கேக்குதும்மா. இதக் கழட்டிடு, நாம முன்ன மாதிரி வாயசைச்சே பேசிக்கலாம், வேற யாரும் வேணாங்கிறாங்க."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சன்னலைப் பார்த்தாள். நான் திரும்பவில்லை. கருவியை மறுபடியும் மாட்டிவிட்டு, அவள் கையை விடாமல் பிடிச்சுக்கிட்டுத்தான் இத எழுதுறேன். அண்ணா, வர வேண்டாம்னு மேல எழுதினத மறந்துடுங்க. முதல் பஸ்ஸுக்கே வாங்க. வரும்போது தாளும் பசையும் நிறைய வாங்கிட்டு வாங்க. எங்க வீட்டுல சன்னல் அதிகம்.